விபத்து எழுதிய விதிகள்: கண்ணிவெடி அகற்றும் தொழிலின் வரலாறு



தோட்டத்தில் ஒருவருக்கு அடிபட்டுவிட்டது என்றால் நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா?" என்போம். வயதானவர்களாக இருந்தால், "எல்லாம் அவன் தலையெழுத்து" என்று பெருமூச்சு விடுவார்கள். செம்பனை மட்டை தோளில் விழுந்தாலும் சரி, பால்வெட்டுக் கத்தி கையைக் கிழித்தாலும் சரி, மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்தாலும் சரி, பழி போய்ச் சேருவது இரண்டே இடம்தான். ஒன்று அடிபட்டவர், மற்றொன்று விதி.

இந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதற்காக, உலகிலேயே மிக ஆபத்தானது என்று எல்லோரும் கருதுகிற ஒரு தொழிலின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம். அதுதான் போர் முடிந்த மண்ணில் புதைந்து கிடக்கும் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கும் தொழில். இந்தத் தொழிலைச் செய்பவர்களில் நம் தமிழ் மக்களும், அவர்களில் பல தாய்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட பாடம் கெர்லிங்கிலும் களும்பாங்கிலும் கோலசிலாங்கூரிலும் வெளிக்காட்டு வேலைக்குப் போகிற நமக்கும் பயன்படக்கூடியது.

முதலில், கண்ணிவெடி என்றால் என்ன? இலங்கைத் தமிழர்கள் இதற்கு 'மிதிவெடி' என்று பொருத்தமான பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சில பத்து கிராம் வெடிமருந்து. மேல்பக்கம் ஓர் அழுத்தத் தட்டு. மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் அதைப் புதைத்து வைப்பார்கள். ஒருவர் அதன்மேல் கால் வைத்தால் போதும், வெடித்துவிடும். பெரும்பாலும் ஆளைக் கொல்லாது; காலைப் பறித்துவிடும். போர் முடிந்து சமாதானம் வந்த பிறகும் அது அப்படியே காத்துக் கிடக்கும். மிதிப்பவர் சிப்பாயா, விறகு பொறுக்க வந்த கிழவியா, பந்தைத் துரத்தி ஓடி வந்த பிள்ளையா என்று அதற்குத் தெரியாது.

நம் நாட்டுக்கும் இந்தத் துன்பம் முற்றிலும் புதியதன்று. தாய்லாந்து எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்டுகள் புதைத்த பொறிவெடிகளை மிதித்துக் காலை இழந்த மலேசியப் படைவீரர்கள் உண்டு. அந்தப் போராட்டம் 1989ஆம் ஆண்டு டிசம்பரில் ஹட்யாய் ஒப்பந்தத்தோடுதான் முடிவுக்கு வந்தது.

சரி, புதைத்ததை யார் எடுப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் சொன்ன முதல் பதில் மிகக் கொடியது.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது, ஐரோப்பாவின் கடற்கரைகளிலும் வயல்களிலும் இலட்சக்கணக்கான கண்ணிவெடிகள் கிடந்தன. அவற்றை எடுக்கும் வேலையைத் தோற்றுப்போன ஜெர்மன் போர்க் கைதிகளின் தலையில் கட்டினார்கள். டென்மார்க் நாட்டின் மேற்குக் கடற்கரையில் மட்டும் சில மாதங்களில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வெடிகள் எடுக்கப்பட்டன. அந்த வேலையில் நூற்றுக்கணக்கான கைதிகள் இறந்தார்கள் அல்லது உறுப்பிழந்தார்கள். அவர்களில் பலர் மீசை முளைக்காத இளைஞர்கள். பயிற்சி குறைவு, கருவி குறைவு, அவசரமோ அதிகம். எத்தனை பேர் அடிபட்டாலும் வேலை முடிந்தால் சரி என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு தவறு என்று உலகம் பின்னர் ஒப்புக்கொண்டது. 1949ஆம் ஆண்டில் ஏற்பட்ட மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கையின் 52ஆம் விதி, கண்ணிவெடி அகற்றுவதை ஆபத்தான வேலை என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. போர்க் கைதி தானாக முன்வந்தாலன்றி அவரை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அது தடுக்கிறது. நேயர்களே, ஒரு சட்டப் புத்தகத்தின் இந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இளைஞர்களின் கைகால்கள் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். இதைப் போன்ற விதிகள் பெரும்பாலும் விபத்துகளுக்குப் பின்னால்தான் எழுதப்படுகின்றன.

அடுத்து நாம் ஆப்கானிஸ்தானுக்குப் போக வேண்டும். இராணுவ வேலையாக இருந்த கண்ணிவெடி அகற்றல், சம்பளத்துக்குச் செய்யும் சிவிலியன் தொழிலாக மாறியது அங்கேதான். சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டு வெளியேறின. ஊருக்குத் திரும்ப வேண்டிய அகதிகளின் வயலிலும் வாய்க்காலிலும் வெடிகள் நிறைந்திருந்தன. பிரிட்டனில் 1988இல் ஹாலோ டிரஸ்ட் என்ற அமைப்பும், 1989இல் மேக் என்று அழைக்கப்படும் கண்ணிவெடி ஆலோசனைக் குழுவும் தோன்றின. ஐக்கிய நாடுகள் சபையும் இறங்கியது. ஊர் ஆட்களையே சேர்த்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து வெடிகளை எடுக்கச் செய்தார்கள். போர்க்களத்தில் இராணுவம் செய்வது வேறு, இது வேறு. இராணுவத்துக்கு ஒரு பாதை திறந்தால் போதும், சில வெடிகள் தப்பினாலும் முன்னேறிவிடும். குடும்பங்கள் குடியேறப் போகிற மண்ணில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

வேலை புதியது, ஆனால் கருவியும் முறையும் பழைய இராணுவத்துடையவை. கையில் ஒரு துப்பாக்கிச் சனியன் அல்லது குட்டையான கத்தி. அதைச் சாய்வாக மண்ணில் குத்தித் தடவிப் பார்க்க வேண்டும். குப்புறப் படுத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது விதி. எதிரி சுடும்போது சிப்பாய் படுத்துக்கொண்டு வேலை செய்வது பொருத்தமே. சுடுவதற்கு யாரும் இல்லாத வயலில், கொளுத்தும் வெயிலில், கல்லும் முள்ளும் நிறைந்த தரையில் நாள் முழுதும் குப்புறக் கிடக்க யாரால் முடியும்? ஆட்கள் குந்தி உட்கார்ந்தே வேலை செய்தார்கள். மேற்பார்வையாளர்களும் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். விபத்து நடந்தால் மட்டும், "விதியை மீறி உட்கார்ந்திருந்தான்" என்று அறிக்கை எழுதப்பட்டது.

இது நமக்குப் பழக்கப்பட்ட கதைதான், இல்லையா? காகிதத்தில் ஒரு விதி, காட்டில் ஒரு நடைமுறை. அடிபடும் வரை நடைமுறையை யாரும் கேட்பதில்லை. அடிபட்ட பிறகு காகிதத்தைத் தேடி எடுக்கிறார்கள்.

1990களின் பிற்பகுதியில் இந்தப் போக்கில் ஒரு மாற்றம் வந்தது. ஆண்டி ஸ்மித் என்ற பிரிட்டிஷ்காரர் கண்ணிவெடி அகற்றுவோருக்கான பாதுகாப்புக் கருவிகளைச் செய்யும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். கருவி செய்ய வேண்டுமானால், ஆட்களுக்கு எங்கே, எப்படி அடிபடுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே அவர் பல நாடுகளிலும் நடந்த விபத்துகளின் அறிக்கைகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அடிபட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, என்ன நடந்தது, கையில் என்ன கருவி இருந்தது, எப்படி உட்கார்ந்திருந்தார், முகக்கவசம் எங்கே இருந்தது, மேற்பார்வையாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற விவரங்களைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்தார்.

தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு விபத்தும் ஒருவருடைய கவனக்குறைவாகவே தெரிந்தது. நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்துப் பார்த்தபோது வேறொரு படம் தெரிந்தது.

முதலாவதாக, விபத்துகளில் பெரும் பகுதி தோண்டும்போது நடந்தவை. கருவி ஒலி எழுப்பிய இடத்தை மெல்லத் தோண்டும்போது, தவறான கோணத்தில் வெடியின் தலையில் அழுத்தம் பட்டுவிடுகிறது. இரண்டாவதாக, அடிபட்ட உறுப்புகள் பெரும்பாலும் கையும் கண்ணும். மூன்றாவதாக, கையிலிருந்த குட்டைக் கத்தியே வெடிப்பில் துண்டு துண்டாகச் சிதறி, பிடித்திருந்தவர் உடம்பில் பாய்ந்திருக்கிறது. பாதுகாப்புக்காகக் கொடுத்த கருவியே காயத்துக்குக் காரணமாகியிருக்கிறது. நான்காவதாக, கண் இழந்தவர்களில் பலருக்கு முகக்கவசம் கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அதை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

ஏன் தூக்கி வைத்தார்கள்? இதைத்தான் முன்பு யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது பதில் எளிமையாக இருந்தது. கவசத்தின் கண்ணாடி போன்ற தகடு கீறல் விழுந்து மங்கிப் போயிருந்தது. உள்ளே வியர்வை ஆவி படிந்து பார்வையை மறைத்தது. மண்ணில் கிடக்கும் மெல்லிய கம்பியைப் பார்க்க முடியாமல் தடவுவதைவிட, கவசத்தைத் தூக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பு என்று அந்தத் தொழிலாளிக்குப் பட்டிருக்கிறது. அவர் சோம்பேறியும் அல்லர், அறிவில்லாதவரும் அல்லர். பயன்படாத பொருளைக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்தவில்லை என்று குறை சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பிலிருந்து பிறந்த முடிவு இதுதான்: பெரும்பாலான விபத்துகளுக்குக் கருவி, பயிற்சி, மேற்பார்வை, நிர்வாகம் ஆகியவற்றில் உள்ள குறைகளே அடிப்படைக் காரணம். தொழிலாளியின் கவனக்குறைவு மட்டுமே காரணமாக இருந்த விபத்துகளும் உண்டு. ஆனால் முன்பு நினைத்த அளவு இல்லை.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. வெடியின் அமுக்கம் தூரம் கூடக் கூட மிக விரைவாகக் குறைந்துவிடும். ஒரு முழம் கூடுதலாகத் தள்ளி நின்றாலும் பெரிய வித்தியாசம். ஆகவே கருவியின் கைப்பிடியை நீளமாக்கினார்கள். கைப்பிடிக்கும் நுனிக்கும் நடுவே கைக்கு ஒரு காப்புத் தகடு வைத்தார்கள். வெடித்தாலும் உடைந்து சிதறாத வகையில் கருவியைச் செய்தார்கள். ஏழை நாட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளும்படி எளிமையாக அமைத்தார்கள். கீறல் விழுந்த முகத்தகட்டை மாற்றிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று.

1997இல் ஐக்கிய நாடுகள் சபை முதல் முறையாகப் பொதுத் தரங்களை வெளியிட்டது. அவை திருத்தப்பட்டு 2001இல் அனைத்துலகக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரங்களாக வெளிவந்தன. முகத்தகடு 5 மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறையக் கூடாது. மார்பையும் வயிற்றையும் மூடும் கவசம் இருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் மருத்துவ உதவியாளர் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும் என்றெல்லாம் விதிகள் வகுக்கப்பட்டன. அதே 1997 ஜனவரியில் பிரிட்டனின் இளவரசி டயானா அங்கோலா நாட்டில் முகக்கவசம் அணிந்து கண்ணிவெடி நிலத்தில் நடந்த காட்சியை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஒட்டாவா நகரில் மிதிவெடியைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலேசியாவும் அப்போதே கையெழுத்திட்டு, 1999இல் உறுதிப்படுத்தி, தன் இருப்பில் இருந்த தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமான வெடிகளை 2001இல் அழித்துவிட்டது. இது நாம் பெருமைப்படத் தக்க செய்தி.

இனி நம் இனத்தாரின் கதைக்கு வருவோம்.

இலங்கையில் 1983இல் மூண்ட போர் 2009 வரை நீடித்தது. இரு தரப்பும் வெடிகளைப் புதைத்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் ஆனையிறவும் முகமாலையும் இருக்கின்றன. முகமாலையில் பல ஆண்டுகள் போர்முனை நகராமல் நின்றது. அதனால் அங்கே வரிசை வரிசையாக வெடிகள் புதைக்கப்பட்டன. உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைந்த நிலங்களில் ஒன்று அது.

அந்த வடபகுதியில் வாழ்பவர்களில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறிய காலத்தில், அவர்களைப் போன்ற குடும்பங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் அவர்களில் பலர் தோட்டத்தை விட்டு, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். லயத்திலிருந்து கிளம்பி, சொந்த மண்ணில் ஒரு குடிசை போடப் போனவர்களைப் போரும் வெடியும் அங்கேயும் சந்தித்தன.

2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டதும் ஹாலோ, மேக், நார்வே மக்கள் உதவி அமைப்பு முதலியவை வடக்கே வேலை தொடங்கின. அங்கே ஒரு சிக்கல். மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். அதில் இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அதற்காக உலோகங்காட்டும் கருவியைக் கூர்மையாக வைத்தால், போர்க்களத்தில் சிதறிக் கிடக்கும் தோட்டாவும் குண்டுச் சில்லும் அடிக்கு அடி ஒலி எழுப்பும். ஒவ்வொரு ஒலிக்கும் மண்டியிட்டுத் தோண்டினால் வேலையும் ஓடாது, ஆபத்தும் குறையாது.

இதற்கு யாழ்ப்பாணத்தில் கண்ட வழி மிக எளியது. காய்ந்த இலைகளை வாரிக் கூட்டப் பற்கள் வைத்த இரும்புவாரி பயன்படுத்துவோமே, அதே வகைக் கருவிதான். நீளமான கைப்பிடி, வலுவான பற்கள். மண்ணை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் அடியிலிருந்து மெல்ல மெல்ல வாரி இழுப்பார்கள். வெடியின் அழுத்தத் தட்டு மேலே பார்த்திருக்கும். பற்கள் அதற்குக் கீழாகப் போய் வெடியைப் புரட்டி வெளியே கொண்டுவந்துவிடும். நார்வே அமைப்பு இந்த முறையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி கொடுத்தது. பின்னர் மற்ற அமைப்புகளும் இதைக் கைக்கொண்டன.

வெளிநாட்டு வல்லுநர்களில் சிலர் இதைக் கண்டு திடுக்கிட்டார்கள். "வெடியை வாரியால் இழுப்பதா? இது பைத்தியக்காரத்தனம்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. வாரும்போது சில வெடிகள் வெடிக்கத்தான் செய்தன. ஆனால் விபத்துப் பதிவேடு என்ன சொன்னது? வாரி பிடித்தவர் கைப்பிடியின் நீளத்துக்கு அப்பால், கவசம் அணிந்து நின்றார். சிறிய மிதிவெடி வெடித்தபோது அவர்களில் பெரும்பாலோர் இலேசான காயத்தோடு தப்பினார்கள். குட்டைக் கத்தியோடு குனிந்திருந்தால் கையோ கண்ணோ போயிருக்கும். எல்லா மண்ணுக்கும் எல்லா வெடிக்கும் இந்த முறை ஏற்றதன்று. இறுகிய மண்ணிலும், இழுகம்பி பூட்டிய வெடிகள் இருக்கும் இடத்திலும் வேறு முறைகள் தேவை. ஆயினும் எது பாதுகாப்பு என்பதைப் பதவியைக் கொண்டும் பட்டத்தைக் கொண்டும் முடிவு செய்யாமல், பதிவேட்டைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வவுனியாப் பகுதி முகாம்களில் இருந்தார்கள். ஊர் திரும்ப வேண்டும். ஆனால் ஊரில் வெடி. சாலை, வீடு, கிணறு, பள்ளிக்கூடம், பிறகு வயல் என்று வரிசைப்படுத்தி வேலை நடந்தது. 2010இல் தேசியக் கண்ணிவெடி நடவடிக்கை மையம் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் இந்த வேலைக்குப் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், காணாமற் போனவரைத் தேடிக் களைத்தவர்கள், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பலர் அவர்களில் உண்டு. கூலி வேலையே கிடைக்காத இடத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்காக அந்தத் தாய்மார்கள் கவசம் அணிந்தார்கள்.

அவர்களுடைய ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? விடியற்காலையில், நம் பெரட்டு போலவே, எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். அன்றைய வேலையை மேற்பார்வையாளர் விளக்குவார். கவசத்தில் விரிசல் உண்டா, முகத்தகடு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலோகங்காட்டும் கருவியை ஒரு மாதிரித் துண்டின் மேல் காட்டிச் சோதிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர் அளவே அகலமுள்ள பாதை. எது சோதித்த மண், எது சோதிக்காத மண் என்பதை நிறம் பூசிய குச்சிகள் காட்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே குறித்த தூரம் இருக்க வேண்டும். ஒருவரிடம் வெடித்தால் மற்றவருக்குப் படக் கூடாது. குறித்த நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு. களைத்த கை அவசரப்படும் என்பதால் ஓய்வும் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அருகில் மருத்துவ உதவியாளரும் வண்டியும் ஆயத்தமாக இருக்கும். அடிபட்டவரை எப்படித் தூக்குவது, எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதை விபத்து நடக்காத நாட்களிலேயே ஒத்திகை பார்ப்பார்கள்.

இவ்வளவு இருந்தும் விபத்து அறவே நின்றுவிடவில்லை. இலங்கையிலும் இந்த வேலையில் உயிரிழந்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் உண்டு. மாதக் கணக்கில் ஒன்றும் நடக்காதபோது மனம் அசந்துவிடுகிறது. மழை மண்ணை அரித்து வெடியைச் சாய்த்துவிடுகிறது. சாய்ந்து கிடக்கும் வெடியின் தலை எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை. சோதித்து முடித்த மண்ணிலும் ஒன்று தப்பிக் கிடக்கலாம். ஆகவே ஒருவர் முடித்த இடத்தை இன்னொருவர் மறுசோதனை செய்வது விதியாயிற்று. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வேலையை நிறுத்தி விசாரித்து, முறையில் குறை இருந்தால் முறையை மாற்றுகிறார்கள்.

பலன் கண்கூடு. இலட்சக்கணக்கான வெடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் வெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கையும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கை அதற்கு வைத்த கெடு. ஒரு காலத்தில் காகமும் இறங்கத் தயங்கிய முகமாலை மண்ணில் மக்கள் வீடு கட்டித் தென்னை நட்டிருக்கிறார்கள்.

நேயர்களே, இந்த வரலாற்றை வைத்து நம் தோட்டப்புறத்தைப் பார்ப்போம்.

நம் நாட்டுச் சட்டங்களும் இதே வழியில் வந்தவைதாம். 1952இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. 1969இல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1991ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், நம் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்த விபத்துக்குப் பின், 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் தொழிலையும் அது உள்ளடக்கியது.

அந்தச் சட்டத்தில் நாம் அறிந்து வைத்திருக்க வேண்டியவை சில. பாதுகாப்புக்காகச் சட்டப்படி கொடுக்க வேண்டிய பொருளுக்கு முதலாளி தொழிலாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது. ஆபத்தைப் பற்றி முறையிட்டதற்காகத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ பழிவாங்கவோ கூடாது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளரின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு.

ஆனால் சட்டம் காகிதத்தில்தான் பிறக்கிறது. அது காட்டுக்கு வர வேண்டுமானால் பதிவேடு வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த பெண்களின் நகம் கெட்டுப்போனதும், மூக்கில் இரத்தம் வடிந்ததும், கண் எரிந்ததும் "மருந்தடித்தால் அப்படித்தான்" என்று பல காலம் சொல்லப்பட்டன. அந்தத் துன்பங்களைத் தொகுத்து எழுதி முன்வைத்த பிறகே அது பொதுவிவகாரம் ஆயிற்று. 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. எழுதி வைக்காத நோவுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே, வீட்டில் யாருக்காவது வெளிக்காட்டில் அடிபட்டால், "பரவாயில்லை, சின்னக் காயம்" என்று மஞ்சளைத் தடவிவிட்டு மறைத்துவிடாதீர்கள். கிராணியிடமோ நிர்வாகத்திடமோ சொல்லிப் பதியச் செய்யுங்கள். நாள், நேரம், இடம், கையில் இருந்த கருவி, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டாவது எழுதி வையுங்கள். அடி படாமல் நூலிழையில் தப்பிய நிகழ்ச்சியையும் எழுதுங்கள். நாளைய விபத்தின் முன்னறிவிப்பு அது. கண்ணாடியைக் கழற்றி வைத்தவரைத் திட்டுவதற்கு முன், அது ஏன் அவருக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று கேளுங்கள். கண்ணாடி மங்கலா? கையுறை வழுக்குகிறதா? கழியின் நீளம் போதவில்லையா? குலைக்கணக்கு அதிகமாகி அவசரப்பட வைக்கிறதா? அந்தப் பதிலில்தான் பெரும்பாலும் பரிகாரமும் இருக்கும்.

கவனம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மனிதனுடைய கவனம் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது. கவனம் தவறும் ஒரு நொடியிலும் கையையும் கண்ணையும் காப்பாற்றும்படி கருவியும் முறையும் அமைந்திருக்க வேண்டும். வெடி புதைந்த மண்ணில்கூட இது முடிந்திருக்கிறது என்றால், ரப்பர் மரத்தடியிலும் செம்பனை வரிசையிலும் முடியாமல் போகுமா?

அடிபட்டவரை "ஏன் கவனமாக இல்லை?" என்று கேட்பதோடு நின்றுவிட்டால், அதே இடத்தில் நாளை இன்னொருவர் அடிபடுவார். "இது எப்படி நடந்தது?" என்று கேட்டு, பதிலை எழுதி வைத்து, மாற்ற வேண்டியதை மாற்றினால், அந்த ஒருவர் பட்ட துன்பம் பலரைக் காக்கும். போர்க் கைதிகளின் காலத்திலிருந்து முகமாலைத் தாய்மார்களின் காலம் வரை இந்தத் தொழில் கற்றுக்கொண்டது இதுதான்.